வசனத் துண்டுகளிலிருந்து முழு வேதத்துக்கு

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வேதம் பெரும்பாலும் துண்டுகளாகவே புழங்குகிறது. புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் கைக்கு வரும் வாக்குத்தத்த அட்டையில் ஒரு வசனம். கூடத்துச் சுவரில் சட்டமிட்டு மாட்டிய ஒரு வசனம். நாட்காட்டியில் தேதிக்கு ஒன்று, திருமண அழைப்பிதழின் தலைப்பில் ஒன்று, கல்லறைக் கல்லில் ஒன்று. ஞாயிறு பிரசங்கத்துக்கு எடுக்கப்படும் பகுதியும் ஒரு பக்கத்தைத் தாண்டுவது அரிது.

இந்தத் துண்டுகளில் பெண்களுக்கென்று ஒதுக்கியவை இன்னும் சில. ஆதாமின் ஏற்ற துணை, நீதிமொழிகளின் குணசாலி, எபேசியர் நிருபத்தின் கீழ்ப்படிதல், தீமோத்தேயு நிருபத்தின் அமைதி, சமையலில் பரபரத்த மார்த்தாள். மகளிர் ஞாயிறானாலும் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டமானாலும் திருமண ஆராதனையானாலும் சுற்றிச்சுற்றி இவர்களே வருகிறார்கள்.

ஆனால் இதே சபைகளில் இன்னொரு வாசிப்பும் நடக்கிறது. புராட்டஸ்டண்ட் வேதத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். நாளொன்றுக்கு மூன்று, சில நாள் நான்கு அதிகாரம் என்று வைத்தால் ஓராண்டில் முடித்துவிடலாம். நம் அம்மாக்களும் பெரியம்மாக்களும் அத்தைகளும் இதை ஆண்டுதோறும் செய்கிறார்கள். அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால், விடியாத வேளையில், லேவியராகமத்தின் தோல்நோய்ச் சட்டங்களையும் நாளாகமத்தின் பெயர்ப் பட்டியல்களையும் விடாமல் வாசிக்கிறார்கள். முழுவதையும் வாசித்தவர்கள் அவர்கள். அர்த்தம் சொல்லும் உரிமை மட்டும் வேறு எங்கோ இருக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த முழு வாசிப்பைப் பற்றியது. தமிழ் இலக்கியத்தில் ஆய்வு முடித்து, சங்க அகப்பாடல்களை வகுப்பில் நடத்தத் தொடங்கிய பிறகுதான் நான் ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தின விசேஷம் வரை வரிசையாக வாசித்தேன். பிறகு இன்னும் இருமுறை, பென்சிலோடும் சொல்லடைவோடும். நான் வாசித்தது, ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் முழுமையாக வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு. இன்றும் பெரும்பாலான தமிழ்ப் புராட்டஸ்டண்ட் வீடுகளில் மனப்பாடமாக இருப்பது அதுதான். அப்படி வாசித்ததில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒன்று. இந்த நூல் தன்னோடு தானே வழக்காடுகிறது. துண்டாக வாசிப்பவருக்குத் தீர்ப்பு மட்டும் கேட்கிறது. முழுவதும் வாசிப்பவருக்கு வழக்கின் இரு தரப்பும் கேட்கிறது.

குணசாலி

நீதிமொழிகள் 31ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணின் முதுகில் அதிகம் ஏற்றப்பட்டது அதுதான். குணசாலி என்ற சொல் மணமகளுக்கான வாழ்த்திலும் இறந்தவளுக்கான இரங்கலிலும் வரும். கேட்பவள் மனதில் எழுவது பொறுமை, அடக்கம், வாய் பேசாமை.

இந்தச் சொல் வேதத்தில் வேறு எங்கே வருகிறது என்று தேடினால் ரூத்தின் கதைக்குப் போய்ச் சேர்வோம். களத்துமேட்டில் நள்ளிரவில் போவாஸ் ரூத்தைப் பற்றிச் சொல்லும் சொல்லும் குணசாலிதான். எபிரேய மூலத்தில் இரு இடங்களிலும் இருப்பது ஹயில். எபிரேயம் படிக்காதவர்களும், மூலச் சொற்களுக்கு எண் கொடுத்து அடுக்கிய ஸ்ட்ராங்கின் சொல்லடைவைக் கொண்டு இதைச் சரிபார்க்கலாம். வலிமை, படை, செல்வம், திறன் ஆகிய பொருள்களெல்லாம் ஹயிலுக்கு உண்டு.

ஆண்களுக்கு அதே சொல் வரும்போது தமிழ் என்ன செய்கிறது? நியாயாதிபதிகள் 6ஆம் அதிகாரத்தில் கிதியோனைத் தேவதூதன் இதே ஹயிலைக் கொண்டு அழைக்கிறான். தமிழில் அது பராக்கிரமசாலி. ரூத் 2ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் போவாஸுக்கும் இதே ஹயில். தமிழில் அவன் ஆஸ்திக்காரன். ஒரே சிறு புத்தகத்துக்குள், ஒரே சொல், ஆணுக்குச் சொத்தாகவும் பெண்ணுக்குக் குணமாகவும் பிரிந்துவிட்டது.

மொழிபெயர்ப்பாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. சூழலுக்கேற்பச் சொல்லை மாற்றுவது மொழிபெயர்ப்பில் இயல்பு. தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றிய சீகன்பால்கு முதல் ஷுல்ட்சே, பெப்ரிசியஸ், ரேனியஸ், பவர் வரை தமிழ் வேதத்தின் வரலாற்றில் நிற்கும் பெயர்கள் ஆண்களுடையவை. ஒரு பெண்ணின் ஹயில் என்னவாக இருக்கும் என்று யோசித்தபோது அவர்களுக்குக் குணம் என்று தோன்றியிருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தின் பெண் என்ன செய்கிறாள்? நிலத்தைப் பார்த்து விசாரித்து வாங்குகிறாள். தன் கைச் சம்பாத்தியத்தில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள். நெய்ததை வியாபாரிகளிடம் விற்கிறாள். வாய் திறந்து ஞானம் பேசுகிறாள். அதிகாரத்தின் தொடக்கத்தைப் பார்த்தால், அது லேமுவேல் என்னும் அரசனுக்கு அவன் தாய் சொன்ன போதனை என்று இருக்கிறது. ஒரு தாய் தன் மகனுக்குச் சொன்னதில் தொடங்கும் அதிகாரத்தை நாம் மருமகள்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஏற்ற துணையின் கதையும் இப்படித்தான். ஆதியாகமத்தில் ஏவாளுக்குச் சொன்ன துணை என்ற சொல் உதவியாள் என்ற தாழ்ந்த பொருளில் பிரசங்கிக்கப்படுகிறது. மூலச் சொல் ஏசெர். முழுவதும் வாசிப்பவர் சங்கீதங்களுக்கு வரும்போது இதே ஏசெர் கடவுளுக்கு வருவதைக் காண்பார். 33ஆம் சங்கீதத்தில் தமிழிலும் அது துணைதான். 121ஆம் சங்கீதத்தில் ஒத்தாசை. கடவுள் மனிதனுக்குத் துணை என்றால் கடவுள் அவனுக்குக் கீழே இருக்கிறார் என்று யாரும் பொருள் சொல்வதில்லை. ஆதியாகமத்திலேயே நின்றுவிட்டவர்களுக்கு இந்த ஒப்பீடு கிடைக்காது.

மறுமனையாட்டியின் வழக்கு

பிரசங்க பீடத்தில் அநேகமாக ஒருபோதும் வாசிக்கப்படாத பகுதி நியாயாதிபதிகள் 19. ஒரு லேவியன், பெத்லெகேமிலிருக்கும் தகப்பன் வீட்டுக்குப் போய்விட்ட தன் மறுமனையாட்டியைத் திரும்ப அழைத்துவருகிறான். வழியில் கிபியாவில் இரவு தங்குகிறார்கள். ஊர்க்காரர்கள் வீட்டைச் சூழ்ந்து அந்த லேவியனைக் கேட்கிறார்கள். அவளைப் பிடித்து வெளியே விடுகிறார்கள். இரவு முழுவதும் அவளைச் சிதைக்கிறார்கள். விடியும்போது அவள் வாசற்படியில் கைவைத்துக் கிடக்கிறாள். எழுந்திரு, போகலாம் என்கிறான் அவன். பதில் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு துண்டாக்கி இஸ்ரவேலின் எல்லைகளுக்கெல்லாம் அனுப்புகிறான். அவளுக்குப் பெயர் இல்லை. ஒரு சொல்லும் அவள் பேசவில்லை. அவள் எப்போது இறந்தாள் என்பதை எபிரேய மூலம் சொல்லவில்லை. வாசற்படியிலேயே இறந்திருந்தாள் என்று கிரேக்க மொழிபெயர்ப்புதான் சேர்த்துச் சொல்கிறது.

அமெரிக்க விவிலிய ஆய்வாளர் பிலிஸ் டிரிபிள் 1984இல் வெளியிட்ட நூலில் இவளையும் ஆகார், தாவீதின் மகள் தாமார், யெப்தாவின் மகள் ஆகியோரையும் சேர்த்து வாசித்தார். வேதத்தில் பெண்களுக்கு நேர்ந்த பயங்கரங்களை மழுப்பாமல் வாசிப்பதும் துக்கம் காப்பதும் நம்பிக்கையின் பகுதி என்பது அவர் நிலை. அந்த வாசிப்பை வைத்துக்கொண்டு அடுத்த இரண்டு அதிகாரங்களையும் வாசிக்க வேண்டும்.

20ஆம் அதிகாரத்தில் சபை கூடுகிறது. நடந்ததைச் சொல் என்று லேவியனைக் கேட்கிறார்கள். அவன் சொல்லும் சாட்சியத்தை முந்தைய அதிகாரத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். தன்னைக் கொல்ல நினைத்தார்கள் என்கிறான். அவளைக் கெடுத்தார்கள், அவள் செத்தாள் என்கிறான். அவளை வெளியே தள்ளிய கை யாருடையது என்பது சாட்சியத்தில் இல்லை. கதைசொல்லி நமக்குக் காட்டியதைச் சபைக்கு அவன் காட்டவில்லை. பாலியல் வன்முறை வழக்குகளில் ஆண்களின் வாக்குமூலம் எப்படிக் கட்டமைக்கப்படுகிறது என்று படிக்கும் மாணவிகளுக்கு இதைவிடப் பழைய பாடம் தேட வேண்டியதில்லை.

21ஆம் அதிகாரத்தில் அந்தப் பொய்ச் சாட்சியம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று தெரிகிறது. ஒருத்திக்காகத் தொடங்கிய போரில் பென்யமீன் கோத்திரமே ஏறக்குறைய அழிகிறது. மிஞ்சிய 600 ஆண்களுக்குப் பெண் வேண்டும். யாபேஸ் ஊரை வெட்டி, 400 கன்னிகளை எடுக்கிறார்கள். போதவில்லை. சீலோவில் பண்டிகைக்கு நடனமாட வரும் பெண்களைத் திராட்சைத் தோட்டத்தில் ஒளிந்திருந்து பிடித்துக்கொண்டுபோகச் சொல்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்கான நீதி என்று தொடங்கியது நூற்றுக்கணக்கான பெண்களைப் பறிப்பதில் முடிகிறது. ராஜா இல்லாத அந்த நாட்களில் அவனவன் தன் பார்வைக்குச் சரியானதைச் செய்தான் என்று புத்தகம் முடிகிறது. கதைசொல்லிக்கு இதில் பெருமை இல்லை. இந்த மூன்று அதிகாரங்களும் ஒரு சமூகத்தின் மீதான குற்றப்பத்திரிகை. அதைப் பிரசங்கிக்காமல் விடுவது பெண்களின் மென்மையான மனதைக் காப்பதற்காக என்று சொல்லப்படுவதுண்டு. காப்பாற்றப்படுவது லேவியன்தான்.

கிறிஸ்தவ வேத வரிசையில் இதற்கு அடுத்த பக்கம் ரூத். அதே நியாயாதிபதிகளின் காலம், அதே பெத்லெகேம். இம்முறை ஊருக்குள் வருபவள் மோவாபியப் பெண். ஆண் துணை இல்லாத இரு விதவைகள், அறுவடை வயல், பொறுக்கிய கதிர். அங்கே சிதைக்கப்பட்டவளுக்கு இங்கே பதில் கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போது, ஒரு பெண் அந்நிய ஊரில் ஓர் இரவைக் கழிப்பதில் எத்தனை ஆபத்து இருந்தது என்பது புரிகிறது. வேலைக்காரர்கள் உன்னைத் தொடாதபடி சொல்லியிருக்கிறேன் என்று போவாஸ் சொல்வது வெறும் மரியாதைப் பேச்சாக இல்லாமல் போகிறது.

ஐந்து சகோதரிகள்

ரூத்தை எதிர்த்து வழக்காடும் பகுதிகளும் இதே நூலில் உண்டு. மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் சபைக்கு உட்படலாகாது என்கிறது உபாகமம் 23. நெகேமியா 13இல் அந்தச் சட்டம் மறுபடி வாசிக்கப்படுகிறது. எஸ்றா 10இல் அந்நிய மனைவிகளைத் தள்ளிவிடுவது என்று முடிவாகிறது. அவர்களில் குழந்தை பெற்றவர்களும் இருந்தார்கள் என்ற தகவலோடு அந்தப் புத்தகம் முடிகிறது. அவர்கள் எங்கே போனார்கள் என்று எழுதவில்லை. ரூத்தின் கதையோ அந்த மோவாபிய மருமகளைத் தாவீது ராஜாவின் பூட்டியாக்கி முடிகிறது. ஒரே வேதம், இரண்டு நிலைப்பாடுகள். எதைச் சட்டமாக எடுப்பது, எதைக் கதையாக ஒதுக்குவது என்பதை வாசிப்பவர் முடிவுசெய்கிறார். சாதி பார்த்துச் சம்பந்தம் பேசும் நம் சபைகளில் இது பழங்கதை இல்லை.

ஆகார் விஷயத்திலும் இதே முரண். கர்ப்பிணியான அடிமைப்பெண், எஜமானி சாராயின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடுகிறாள். திரும்பிப்போய் எஜமானிக்கு அடங்கியிரு என்கிறான் தேவதூதன். இந்த இடத்தில் நின்று படித்தால் நெஞ்சு அடைக்கும். கறுப்பினப் பெண்களின் அனுபவத்திலிருந்து இறையியல் எழுதிய டெலோரஸ் வில்லியம்ஸ், 1993இல் வந்த தம் நூலில், விடுதலை தராத இந்தக் கடவுளை அப்படியே எதிர்கொண்டார். தப்பிப் பிழைக்க வழி தருபவராக மட்டுமே அவரை அங்கே காண முடிகிறது என்றார். நான்கு புத்தகங்கள் கடந்து உபாகமம் 23க்கு வந்தால், எஜமானிடமிருந்து தப்பிவந்த அடிமையை அவனிடம் ஒப்புக்கொடுக்காதே என்று ஒரு சட்டம் இருக்கிறது. ஆகாரிடம் சொன்னதற்கு நேர் எதிர். மோவாபியரை விலக்கும் அதே அதிகாரத்தில்தான் இதுவும் இருக்கிறது. கடவுளுக்கே ஒரு பெயர் சூட்டியவள் ஆகார். அவளுக்குக் கிடைக்காத சட்டம் பின்னால் வருபவர்களுக்குக் கிடைக்கிறது.

எண்ணாகமம் 27இல் செலோப்பியாத்தின் மகள்கள் ஐவர் வருகிறார்கள். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். மகன் இல்லாமல் இறந்த தகப்பனின் நிலம் எங்களுக்கு ஏன் இல்லை என்று மோசேயின் முன்னும் சபையின் முன்னும் நின்று கேட்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று கடவுளே சொல்லிச் சட்டம் திருத்தப்படுகிறது. பெண்ணியப் பிரசங்கங்கள் இங்கே நின்றுவிடும். முழுவதும் வாசிப்பவள் 36ஆம் அதிகாரம் வரை போக வேண்டும். அங்கே அதே குலத்தின் ஆண்கள் வருகிறார்கள். இவர்கள் வேறு கோத்திரத்தில் மணமுடித்தால் நிலம் போய்விடுமே என்கிறார்கள். தகப்பன் கோத்திரத்துக்குள்ளேயே மணக்க வேண்டும் என்று திருத்தத்துக்கு ஒரு திருத்தம் வருகிறது. கொடுத்த உரிமையில் ஒரு கயிறு. யோசுவா 17இல் அவர்கள் மீண்டும் வந்து நினைவுபடுத்திய பிறகே நிலம் கைக்கு வருகிறது.

இந்த ஒன்பது அதிகார இடைவெளியை நம் ஊர்ச் சட்ட வரலாறு நன்றாக அறியும். 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகளுக்குக் கிடைத்தது மகனின் பங்கில் கால்வாசி, அல்லது 5000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. இன்று தமிழ்நாட்டில் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டமும் அன்று திருவிதாங்கூர்தான். மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல்தான் உச்ச நீதிமன்றம் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அத்தனை ஆண்டுகளும் எண்ணாகமம் 27 எல்லாச் சபைகளிலும் வேதத்தில் அச்சாகி இருந்தது.

யார் பேசுகிறார்?

துண்டு வாசிப்பைப் போலவே இலக்கணமும் சில பெண்களை மறைக்கிறது. தமிழில் அவன், அவள் என்று படர்க்கையில் பால் காட்டுகிறோம். முன்னிலையில் நீ என்பதற்குப் பால் இல்லை. எபிரேயத்தில் முன்னிலைக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. ஆகவே உன்னதப்பாட்டை எபிரேயத்தில் வாசிப்பவருக்கு, பெரும்பாலான இடங்களில், யார் யாரிடம் பேசுகிறார் என்பது வினைமுற்றிலேயே தெரிந்துவிடும். தமிழுக்கு வரும்போது அந்த அடையாளம் உதிர்ந்துவிடுகிறது. விளிச்சொற்களையும் உவமைகளையும் வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அகப்பாடல் படித்த மாணவிக்கு இந்த ஊகம் கடினமில்லை. கூற்று யாருடையது என்று கேட்டுத்தானே நாம் குறுந்தொகையைத் தொடங்குகிறோம்? அதே கேள்வியோடு எட்டு அதிகாரங்களையும் வாசித்தால், பெரும்பகுதி தலைவி கூற்று என்று தெரியும். எருசலேமின் குமாரத்திகள் தோழியர் போல இடையில் வருகிறார்கள். இரவில் தலைவனைத் தேடித் தெருவில் இறங்குபவள் பெண். நகரக் காவலர் அவளை அடித்துக் காயப்படுத்துகிறார்கள். தன் நிறம் கறுப்பு என்றும் தான் அழகு என்றும் தன் வாயால் சொல்பவளும் அவள்தான். கிறிஸ்துவுக்கும் சபைக்கும் உள்ள அன்பு என்ற உருவகத்தை வைத்து இந்தப் புத்தகத்தை நமக்கு விளக்கிவிடுகிறார்கள். அந்த உருவகம் பழையது, அழகானதும்கூட. அதற்காக, ஆசையைத் தன் குரலில் பேசும் ஒரு பெண் வேதத்தின் நடுவில் நிற்கிறாள் என்பதைக் காணாமல் கடந்துபோக வேண்டியதில்லை.

பவுலின் நிருபங்களில் மறைப்பது பலர்பால். ரோமர் 16இல் அன்றோனீக்கையும் யூனியாவையும் வாழ்த்தும் பவுல், அவர்கள் அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள் என்கிறார். அவர்கள் என்ற சொல்லில் பெண் தெரிவதில்லை. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிசோஸ்தோம் யூனியாவைப் பெண் என்றே வாசித்து, அப்போஸ்தலர் என்று எண்ணப்படும் அளவுக்கு அவள் ஞானம் எவ்வளவு பெரியது என்று வியந்தார். பிற்கால மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அவள் ஆணாக்கப்பட்டாள். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் வரும் பெபேயாளுக்குத் தமிழ் வேதம் ஊழியக்காரி என்ற சொல்லைத் தருகிறது. பவுலும் தன்னை ஊழியக்காரன் என்றுதான் சொல்லிக்கொள்கிறார், மூலத்தில் இரண்டும் ஒரே சொல். இன்றைய சபை வழக்கில் ஊழியக்காரர் என்றால் மேடையில் நிற்பவர். ஊழியக்காரி என்றால் என்ன தோன்றுகிறது என்று நமக்கு நாமே கேட்டுக்கொள்ளலாம்.

சபையில் பெண்கள் பேசக்கூடாது என்பது 1 கொரிந்தியர் 14. அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் பெண் சபையில் ஜெபம் பண்ணுவதும் தீர்க்கதரிசனம் சொல்வதும் நடக்கும் காரியமாகவே பேசப்படுகிறது. தலையை மூடிக்கொள்வது பற்றித்தான் அங்கே விவாதம். பேசாதவள் எப்படித் தீர்க்கதரிசனம் சொல்வாள்? 14ஆம் அதிகாரத்தின் அந்த இரு வசனங்களும் சில பழைய கையெழுத்துப் படிகளில் அதிகாரத்தின் கடைசிக்கு இடம் மாறி இருக்கின்றன. பாடபேதம் பார்க்கப் பழகிய தமிழ் மாணவிக்கு இப்படிப்பட்ட இடமாற்றம் எதைக் குறிக்கலாம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. அதன் முதல் பெண் பேராயராகப் புஷ்பா லலிதா நந்தியாலில் பொறுப்பேற்றது 2013இல்.

கத்தரிக்கோலும் மொழிபெயர்ப்பும்

பெண்கள் இந்த நூலை எதிர்கொண்ட வழிகளில் மூன்றை இங்கே அருகருகே வைக்கிறேன். அமெரிக்காவில் எலிசபெத் கேடி ஸ்டாண்டன் 1895இலும் 1898இலும் இரு பாகங்களாகப் பெண்களின் விவிலியத்தை வெளியிட்டார். அவரும் தோழிகளும் வேதப் பிரதிகளை வாங்கி, பெண்களைப் பற்றிய பகுதிகளைக் கத்தரித்து, வெற்றுத்தாளில் ஒட்டி, கீழே விமர்சனம் எழுதினார்கள். கிடைத்தது வேதத்தில் பத்தில் ஒரு பங்கு என்று அவர் கணக்குச் சொன்னார். துணிச்சலான வேலை அது. அவருடைய வாக்குரிமை இயக்கமே பயந்துபோய் அந்த நூலிலிருந்து தன்னை விலக்கிக்கொண்டது. ஆனாலும் கத்தரிக்கோல் கத்தரிக்கோல்தான். பெண் பெயர் வராத நிலச் சட்டமும் அடிமைச் சட்டமும் கடன் சட்டமும் பெண்ணைப் பற்றியவையே. ஆகாரைப் புரிந்துகொள்ள, பெண்ணே வராத உபாகமச் சட்டம் தேவைப்பட்டதைப் பார்த்தோம்.

கனெக்டிகட் மாநிலத்தில் ஜூலியா ஸ்மித் வேறு வழியில் போனார். எபிரேயம், கிரேக்கம், லத்தீன் கற்று, வேதம் முழுவதையும் தனியொருத்தியாக மொழிபெயர்த்தார். 1876இல் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். வாக்குரிமை இல்லாதவர்களுக்கு வரி எதற்கு என்று ஜூலியாவும் தங்கை ஆபியும் கட்ட மறுத்ததும், நகர அதிகாரிகள் அவர்கள் மாடுகளை ஜப்தி செய்ததும் அதே காலத்தில்தான். ஒரு பெண்ணால் இது முடியும் என்று காட்டுவது அவர் நோக்கங்களில் ஒன்று.

மூன்றாமவர் நமக்கு அருகில் இருந்தவர். பண்டித ரமாபாய் 1858இல் பிறந்தவர். சமஸ்கிருதப் புலமைக்காக 1878இல் கல்கத்தாவில் பண்டிதா, சரஸ்வதி என்ற பட்டங்களைப் பெற்றவர். அத்தனை புலமை இருந்தும், பெண் என்பதால் வேதங்கள் தனக்கு விலக்கு என்றே வளர்க்கப்பட்டவர். 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். பெற்ற கையோடு அவரது சபைப் பொறுப்பாளர்களுக்கும் அவருக்கும் மோதல் தொடங்கியது. கோட்பாடுகளைக் கேள்வி கேட்டார். ஒரு புரோகித வர்க்கத்தின் நுகத்தடியிலிருந்து பாடுபட்டு வெளியே வந்தவள் இன்னொன்றில் கழுத்தைக் கொடுக்க மாட்டேன் என்ற பொருளில் சகோதரி ஜெரால்டினுக்குக் கடிதம் எழுதினார். தான் படித்து, தன் மனசாட்சிக்குப் பட்டதையே ஏற்பேன் என்பதில் உறுதியாக இருந்தார்.

பிறகு கேட்காவ் முக்தியில், பஞ்சத்திலிருந்தும் விதவைக் கொடுமையிலிருந்தும் மீட்ட பெண்களோடு வாழ்ந்தபடி, எபிரேயமும் கிரேக்கமும் கற்று, வேதம் முழுவதையும் மராத்தியில் மொழிபெயர்த்தார். அப்போது புழங்கிய மராத்தி வேதம் சாதாரணப் பெண்ணுக்குப் புரியாத சமஸ்கிருதச் சொற்களால் நிறைந்திருந்தது என்பது அவர் குறை. சமஸ்கிருதத்தில் அவரளவு புலமை உள்ள ஒருவர் அதைச் சொன்னது கவனிக்கத் தக்கது. அச்சுக் கோத்தவர்களும் அச்சிட்டவர்களும் முக்தியின் பெண்களே. 1922 ஏப்ரலில் அவர் இறப்பதற்குச் சற்று முன்பு அந்த வேலை முடிந்தது. முதல் வேதம் விலக்கப்பட்டவள் இரண்டாவது வேதத்தைத் தன் கையால் முழுவதும் எழுதி முடித்தாள். ஒரு சொல்லையும் அவரால் தாண்டிப்போக முடியாது. லேவியனின் மறுமனையாட்டியையும் எஸ்றா துரத்திய மனைவிகளையும் அவரே மராத்தியில் எழுத வேண்டியிருந்திருக்கும். அதன் பிறகும் அவர் விசுவாசியாகவே இறந்தார். முழுவதும் வாசித்தால் விசுவாசம் போய்விடும் என்று நம்மை அச்சுறுத்துபவர்களுக்கும், முழுவதும் வாசித்தவள் விசுவாசியாக இருக்க முடியாது என்று நம்மை ஏளனம் செய்பவர்களுக்கும் அவர் வாழ்க்கை ஒரே பதில்.

விசுவாசம் என்ற சொல்

பெண்ணிய நண்பர்கள் என்னிடம் கேட்பது: இவ்வளவு தெரிந்த பிறகும் ஏன் இந்த நூல்? சபைக்காரர்கள் கேட்பது: இப்படியெல்லாம் வாசிப்பவள் எப்படிக் கோவிலுக்கு வருகிறாள்? இரண்டு கேள்விகளிலும் ஒரே அனுமானம் ஒளிந்திருக்கிறது. விசுவாசம் என்றால் எல்லாவற்றுக்கும் ஆம் சொல்வது என்ற அனுமானம்.

வேதத்தின் மனிதர்கள் அப்படி இல்லை. யோபு கடவுளை வழக்குக்கு இழுக்கிறான். தனக்காகப் பேசிய நண்பர்களைவிட யோபே சரியாகப் பேசினான் என்று கடவுள் கடைசியில் சொல்கிறார். கானானியப் பெண் இயேசுவின் கடுஞ்சொல்லுக்குப் பதில் சொல்லை நிறுத்தி, மகளின் சுகத்தை வாங்கிப்போகிறாள். ஐந்து சகோதரிகள் மோசே தந்த சட்டத்தையே திருத்தவைக்கிறார்கள். இந்த நூலுக்குள் நிற்பவர்களே வாதாடும்போது, வெளியிலிருந்து வாசிக்கும் நாம் மட்டும் தலையாட்ட வேண்டும் என்பது வேதத்தில் எங்கும் இல்லாத கட்டளை. முழுவதும் வாசித்த பிறகு நியாயாதிபதிகள் 19ஐக் கடவுளின் விருப்பம் என்று யாராலும் எனக்குச் சொல்ல முடியாது. ஆகாரைத் திருப்பி அனுப்பிய வசனத்தை வைத்து, அடிபட்ட பெண்ணைக் கணவன் வீட்டுக்கு அனுப்ப நான் யாரையும் விடமாட்டேன். உபாகமத்தைக் காட்டுவேன். என் ஜெபம் இந்த வாதத்தோடு சேர்ந்தே நடக்கிறது.

2 இராஜாக்கள் 22இல் ஒரு சம்பவம் உண்டு. ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது நியாயப்பிரமாணப் புத்தகம் ஒன்று கிடைக்கிறது. யோசியா ராஜா அதைக் கேட்டு நடுங்கி, இதைக் கடவுளிடம் விசாரியுங்கள் என்று பிரதான ஆசாரியனையும் சம்பிரதியையும் அனுப்புகிறான். எரேமியா வாழ்ந்த காலம் அது. அவர்கள் போனதோ உல்தாள் என்ற தீர்க்கதரிசியின் வீட்டுக்கு. கிடைத்த புத்தகத்தின் சொற்கள் கடவுளுடையவை என்று உறுதிசொன்னவள் அவள். வேதத்துக்குள்ளேயே, எழுதப்பட்ட ஒரு நூலை வாசித்துத் தீர்ப்புச் சொல்லுமாறு கேட்கப்பட்டவர் ஒரு பெண். அதைக் கேட்கப் போனவர்களில் பிரதான ஆசாரியனும் இருந்தான்.

மாணவிகளுக்கு என் யோசனை எளியது. ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். விசுவாசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரிசையாக வாசியுங்கள், சலிப்பூட்டும் பட்டியல்களையும் சேர்த்து. ஒரு சொல் உறுத்தினால் அது வேறு எங்கே வருகிறது என்று பாருங்கள். பெயரில்லாத பெண்களை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். பிறகு உங்கள் சபையிலோ தெருவிலோ, ஆண்டுக்கொரு முறை வேதத்தை முடிக்கும் ஒரு பெரியம்மாவைத் தேடிப்போங்கள். அவரிடம் இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்: எந்த அதிகாரத்துக்கு வரும்போது உங்களுக்கு வாசிக்க முடியாமல் போகிறது, அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? பதிலை எழுதிக்கொண்டு வாருங்கள். தமிழ் வேதத்துக்குப் பெண்கள் எழுதும் உரை அங்கிருந்து தொடங்கலாம்.